இரண்டு இல்லைகள்

முதல் வாரம். கிரிம்ஸ்பி மீன் ஆலையில் தேநீர் இடைவேளை.
சனிக்கிழமை ஓவர்டைம் பார்க்கலாமே என்றாள் லொரெயின்.
நான் எழுந்து நின்றேன்.
கௌனாஸில் மனப்பாடம் செய்துவந்த ஆங்கில வாக்கியத்தை
ஒரு சொல் சிந்தாமல் ஒப்பித்தேன்:
“தங்கள் ஆலோசனையுடன் முற்றிலும் உடன்படுகிறேன்.”

தட்டிலிருந்த ஹாடாக் மீன்கூட ஒரு நொடி என்னைப் பார்த்தது.
பிறகு சிரிப்பு. கெட்ட சிரிப்பில்லை.
ரப்பர் பூட்ஸுக்குள் பனிக்கட்டி விழுந்தால் வருமே,
அந்த மாதிரி.

“கோ ஆன் தென். அவ்வளவுதான், ஔத்ரா,”
என்றார் எதிர்மேசை ஆட்லிங்.

போ. மேலே. பிறகு.
மூன்றையும் தனித்தனியே அகராதியில் தேடினேன்.
ஒன்றிலும் சம்மதம் இல்லை.

அன்றிலிருந்து கையுறைப் பெட்டி மூடியின் உட்புறம்
மார்க்கரால் எழுதத் தொடங்கினேன்.
ஒய் நாட்: ஏன் கூடாது.
ஐ வுடன்ட் சே நோ: இல்லை என்று சொல்லமாட்டேன்.
கான்ட் ஆர்க்யூ வித் தட்: அதோடு மல்லுக்கட்ட முடியாது.
டோன்ட் மைண்ட் இஃப் ஐ டூ:
நான் எடுத்துக்கொண்டால் எனக்கே ஆட்சேபம் இல்லை
(ஒற்றை பிஸ்கட்டுக்குத்தான் இத்தனையும்).

மூடி நிறைந்த பிறகு தெரிந்தது.
இந்த ஊரில் ஆம் என்பதை
இரண்டு இல்லைகளைச் சேர்த்துத் தைத்து உடுத்துகிறார்கள்.
கடற்காற்று அப்படி.
ஒற்றைத் துணி தாங்காது.

ஆட்லிங்குக்கு எல்லாமே கோ ஆன் தென்.
இரண்டாம் கோப்பைக்கு.
அக்கா விட்டுப்போன நொண்டி நாய்க்கு.
பல் பிடுங்க வந்த டாக்டரிடமும்
வாயைத் திறந்தபடி அதையே சொல்லியிருப்பார்.
ஆனால் முதலில் ஒருதரம் மறுக்க வேண்டும்:
வேண்டாம், இப்போதுதான் குடித்தேன், வயிறு கும்மென்று...
சரி, கொடு.
என் அம்மா மூன்றுதரம் மறுப்பாள்.
அதனால் இது எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது.

பிப்ரவரியில் மேலாளர் ஒரு தாளோடு வந்தார்.
இரவு ஷிஃப்ட் கிடையாது இனி. பகலுக்குப் பாதிப் பேர் போதும்.
எல்லோருக்கும் இதுவே நல்லது என்று நினைக்கிறோம், என்றார்.
குளிர்பதன இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஃபேர் இனஃப்,” என்றாள் லொரெயின்.
ஃபேர் இனஃப். ஃபேர் இனஃப்.
மேசை மேசையாய் நகர்ந்து என்னிடமும் வந்தது.
நானும் சொன்னேன்.

நியாயம், போதுமான அளவு.
நாள் முழுக்க மீன் நிறுப்பவள் நான், கிராம் பிசகாது.
நிறுத்துப் பார்த்தேன்.
அதில் நியாயம் ஒரு கிராம்கூட இல்லை.
சம்மதமும் இல்லை.
கத்தியைக் கழுவி ஆணியில் மாட்டும் சத்தம் இருந்தது.
மூடியில் அதை எழுதினேன், பொருள் எழுதவில்லை.

கடைசி வெள்ளி. பஸ் நிறுத்தம்.
ஹம்பர் முகத்துவாரத்தின் வழக்கமான நரை வானம்.
ஆட்லிங் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.
கிளீதார்ப்ஸில் ஒரு கடை இருக்கிறது,
மீனும் சிப்ஸும் அவ்வளவு மோசமில்லை,
ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேறு வேலை இல்லையென்றால்,
என்று எதிரிலிருந்த கால்பந்துச் சுவரொட்டியிடம் சொன்னார்.

ஆறு வருஷம் மீன் நாறிய கைகள், இருவருக்கும்.
மீன் தின்னக் கூப்பிடுகிறார் மனிதர்.

மூடி நிறைய இருந்ததில்
ஒன்றாவது வாய்க்கு வரவேண்டுமே. வரவில்லை.
முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

“தங்கள் ஆலோசனையுடன் முற்றிலும் உடன்படுகிறேன்.”

இம்முறை அவர் சிரிக்கவில்லை.
காது மட்டும் சிவந்தது.
“ரைட்,” என்றார் சுவரொட்டியிடம். “ரைட்.”

வந்த பஸ் எங்களுடையது இல்லை.
அதற்கடுத்ததும் இல்லை.